காலால் திறக்கும் ஜன்னல்

பூண்டுலோயா டவுனிலிருந்து இரண்டு மைலில் பஸ் கவிழ்ந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது பகல் இரண்டேகால் இருக்கும். பஸ், லொறிகளுக்குத் தகர வேலையும் வெல்டிங்கும் செய்யும் ஸுஹைரின் கராஜில், கஜேந்திரன் ஒரு லொறியின் மட்காட்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. கைவேலை தெரிந்தவர்களை ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கஜேந்திரன் பாஸ் என்றால்தான் டவுனில் ஆளைத் தெரியும்.

சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் ஏறிப் போனார். பஸ் பாதையை விட்டு இறங்கித் தேயிலை மலைக்குள் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கதவு அடியில் போய்விட்டது. முன்பக்கம் ஒரு பாறையில் இடித்து நசுங்கியிருந்தது. வலப்பக்க ஜன்னல்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. கண்ணாடிகளை உடைத்துவிட்டார்கள், ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் குறுக்கே மூன்று இரும்புக் கம்பிகள் இருந்தன. கம்பிகளுக்கு இடையே கைகள் மட்டும் வெளியே வந்தன.

கேஸ் வைத்து வெட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். டீசல் ஒழுகி மண் முழுக்க ஊறியிருந்தது. கஜேந்திரன் முடியாது என்று சொல்லிவிட்டு, இரும்பறுக்கும் வாளோடு பஸ்ஸின் மேல் ஏறினார். மழை தூறியது, தகரம் வழுக்கியது. ஒரு கம்பியின் ஒரு முனையை அறுத்து, நான்கு பேராக அதை வளைத்து நிமிர்த்தினார்கள். முதல் ஜன்னலில் ஆள் நுழையும் அளவுக்கு வழி வர ஒன்பது நிமிடம் ஆயிற்று.

இரண்டாவது ஜன்னலில் வாளை வைத்தபோதுதான் அவர் அந்த வெல்டிங் ஒட்டைக் கவனித்தார். வெல்டிங் முடியும் இடத்தில் ராடை ஒரு சுழி சுழித்து எடுப்பது அவருடைய கைப்பழக்கம். கம்பியின் முனையில் அந்தச் சுழி இருந்தது. பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. அவர் அதன் மேலேயே வாளை வைத்து அறுத்தார். வேறொன்றும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இருக்கவில்லை.

பஸ்ஸில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். கடைசி ஆளை வெளியே எடுக்க ஐம்பது நிமிடம் பிடித்தது. கடைசிக்கு முன்னால் வந்தவள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்து கொழுந்து பறிக்கப் போகும் சண்முகவடிவு. தோள் எலும்பு முறிந்திருந்தது. அவளுக்குப் பிறகு அவளுடைய நாத்தனார் அம்மாக்கண்ணுவைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். தூக்கும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு லயத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

விசாரணையில் பிரேக்கைப் பற்றிக் கேட்டார்கள், மழையைப் பற்றிக் கேட்டார்கள். கம்பிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க நியாயமும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் பட்டிருக்கும். முந்திய வருடம் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வளைவில் எதிரே வந்த லொறியில் அடிபட்டுக் கையை இழந்திருந்தது. தோட்டத்துப் பெற்றோர்கள் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தார்கள். இப்போது கவிழ்ந்த பஸ்ஸின் முதலாளி சின்னத்தம்பி அப்போது தன்னுடைய மூன்று பஸ்களையும் கராஜுக்கு அனுப்பிக் கம்பி போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அனுப்பினார்கள். மொத்தம் பதினொரு பஸ். எல்லாம் கஜேந்திரனின் கை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கஜேந்திரன் வழக்கம் போல வேலைக்கு வந்தார். எட்டாம் நாள் ஸுஹைரிடம் போய், கராஜுக்குப் பின்னால் கிடக்கும் பழைய பஸ் கூட்டைத் தனக்கு விட முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று ஸுஹைர் கேட்டார். ஜன்னல் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையில் இருக்கும் வேலை தள்ளிப்போகக் கூடாது என்று ஸுஹைர் சொன்னார். அப்படியே ஏற்பாடாயிற்று. நாலரை மணிக்குக் கராஜ் வேலை முடிந்த பிறகு இருட்டும் வரை பின்பக்கத்தில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

கண்ணாடியையும் கம்பிகளையும் ஒரே சட்டத்தில் இணைத்துவிடுவது அவருடைய எண்ணம். சட்டத்தின் மேல் விளிம்பில் கதவுக் கீல் போலப் பிணைச்சல், கீழ் விளிம்பில் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் இழுக்க ஒரு தாழ்ப்பாள். சாதாரண நாட்களில் கம்பி கம்பியாகவே இருக்கும்; பிள்ளைகள் கையை நீட்ட முடியாது. ஆபத்து வந்தால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள, கம்பியும் கண்ணாடியும் சேர்ந்து வெளியே திறக்கும். முதல் சட்டம் கோணிக்கொண்டு இறுகிப்போயிற்று. இரண்டாவது, பஸ் கூட்டை உலுக்கியதும் தானாகத் திறந்தது. மூன்றாவது சரியாக அமைந்தது. இதற்கு ஐந்து வாரம் ஆயிற்று.

பிறகு கனம் தூக்கும் செயின் புளொக் போட்டுப் பஸ் கூட்டை இடப்பக்கமாகச் சாய்த்து, பழைய டயர்களின் மேல் படுக்க வைத்தார். மேலே ஏறி நின்று, குனிந்து, தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு கையால் சட்டத்தைத் தூக்கினார். நாலு செக்கனில் திறந்தது. கீழே நின்ற ஸுஹைரைப் பார்த்தார். ஸுஹைர் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“வேல நல்லாத்தான் இருக்கு பாஸ். ஆனா நீங்க வெளிய நின்னுல்ல தெறக்குறீங்க. உள்ளுக்கு இருந்தவங்க யார்ட்டயாச்சும் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேற்பிரிவுக்கு ஏறிப் போனார். சண்முகவடிவு லயத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒற்றைக் கையால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. தோள் இன்னும் சரியாகவில்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போக மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். கஜேந்திரன் தான் செய்துவைத்திருப்பதைச் சொல்லி, ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் எதற்கென்று கேட்கவில்லை. பஸ்ஸில் வரமாட்டேன், நடந்துதான் வருவேன் என்றாள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கராஜில் வந்து நின்றாள்.

சாய்ந்து கிடந்த கூட்டுக்குள் முன்பக்கமாகக் குனிந்து நுழைந்து, இடப்பக்கச் சுவரின் மேல், அதாவது இப்போது தரையாகிவிட்ட பக்கத்தின் மேல், நின்றாள். கஜேந்திரன் பின்னாலேயே போனார். ஜன்னல் எங்கே என்று கேட்டாள். அவர் மேலே காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள். நல்ல கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இருந்தது.

“எட்டலியே பாஸ்.”

சீட்டின் மேல் ஏறினால் எட்டும் என்றார் அவர். சீட்டுகள் சுவரில் முளைத்தது போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றில் காலை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். எட்டினாலும் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த அந்தக் கனத்தைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். கஜேந்திரன் தானே ஏறித் தள்ளிப் பார்த்தார். அவருக்கே இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தது. மேலே நின்று தூக்கியபோது இந்தக் கனம் தெரியவே இல்லை. ஐந்து வாரமும் அவர் அந்த ஜன்னலை வெளியே நின்றே பார்த்திருக்கிறார்.

சண்முகவடிவு அதற்குள் கூட்டின் பின்பக்கம் போயிருந்தாள். கடைசி சீட்டுக்கும் பின்சுவருக்கும் இடையே உட்கார்ந்து, பிறகு மெதுவாக ஒருக்களித்துப் படுத்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் இங்கதான் கெடந்தோம். அவ எனக்கு அந்தப் பக்கம். எம் மேல ரெண்டு ஆளு. மேல போகணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. இங்கதான் வெளிச்சம் தெரிஞ்சிச்சு.”

எங்கே என்று கேட்டார்.

“இந்தா, பின்கண்ணாடி இருக்குற எடம். அந்தப் பஸ்ஸுல கண்ணாடி இல்லியே, தகரந்தானே அடிச்சிருந்துச்சு. ஆணி ஓட்ட வழியா வெளிச்சம் வந்துச்சு. அதப் பாத்துக்கிட்டே கெடந்தேன். கால் மட்டும் அசைக்க முடிஞ்சிச்சு. தகரத்த ஒதச்சேன், ஒதச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க எல்லாம் மேல அறுத்துக்கிட்டு இருந்தீங்க, அந்தச் சத்தத்துல கேக்கல.”

கஜேந்திரனுக்கு அந்தப் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. தேயிலைச் செடிகள் மறைத்திருந்தன. அன்றைக்கு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னத்தம்பியின் பஸ்ஸில் பின்கண்ணாடி உடைந்தபோது, புதுக் கண்ணாடி கண்டியிலிருந்து வரும் வரைக்கும் என்று சொல்லி அவர்தான் அந்தத் தகரத்தை அடித்தார். கண்ணாடி வரவில்லை. தகரத்தின் மேல் முருகன் படம் வரைந்துவிட்டார்கள். பிறகு அது ஜன்னல் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாமல் போயிற்று.

இருவரும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸுஹைரின் வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. அவள் பாதி குடிக்கும் வரை காத்திருந்துவிட்டு கஜேந்திரன் சொன்னார்.

“அக்கா, அந்தக் கம்பி நான் ஒட்டுனது. தகரமும் நான் அடிச்சதுதான்.”

சண்முகவடிவு தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள்.

“கம்பி போடச் சொல்லிக் கையெழுத்து வச்சதுல நானும் ஒருத்தி. அம்மாக்கண்ணும் வச்சா,” என்றாள். “தகரத்த நாங்க கேக்கல.”

கஜேந்திரன் தலையை ஆட்டினார். அவள் எழுந்து, பின் ஜன்னலைச் செய்தால் சொல்லி அனுப்பும்படியும், கைப்பிடியை மேலே வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு நடந்து போனாள்.

அடுத்த நாளே அவர் பின் ஜன்னலை அளக்கத் தொடங்கினார். மேல் விளிம்பில் பிணைச்சல் போட்டால், நிற்கும் பஸ்ஸில் அது தூக்கித் திறக்கும் மூடி. ஆனால் பஸ் பக்கவாட்டில் படுத்துவிட்டால் அதே பிணைச்சல் செங்குத்தாக நிற்கும். ஜன்னல் வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும். யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை. இதை அவர் ஒரு காலி பிஸ்கட் பெட்டியை மேசையில் சாய்த்து வைத்துக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு பெட்டியை நாலைந்து முறை சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார்.

தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கீழ் விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒரு தள்ளு கம்பி வைத்தார். பஸ் படுத்தால் அந்தக் கம்பி தரையிலிருந்து மேல் வரை நிற்கும்; நிற்பவருக்குக் கை, கிடப்பவருக்குக் கால், எதுவானாலும் படும். கடைசி சீட்டில் சாய்பவர்களின் தலையோ முதுகோ பட்டுத் திறந்துவிடாமல் இருக்க, கம்பியை இரண்டு விளிம்புகளுக்கு நடுவே பள்ளத்தில் பதித்தார். குதிகால் நுழையும், முதுகு நுழையாது. பக்க ஜன்னல் சட்டத்தையும் அவர் தூக்கிப்போடவில்லை. பஸ் நிமிர்ந்தபடி தண்ணீரிலோ நெருப்பிலோ மாட்டிக்கொண்டால் அது உதவும் என்று பக்கத்துக்கு இரண்டாக வைத்துக்கொண்டார்.

சண்முகவடிவு மூன்று ஞாயிறு வந்தாள். முதல் தடவை நாலு உதை வேண்டியிருந்தது. தள்ளு கம்பிக்குப் போட்டிருந்த, லொறி பெடலில் கழற்றிய ஸ்பிரிங் அவளுக்கு மிஞ்சிய பலமாக இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினார். இரண்டாவது தடவை ஸுஹைர் கையால் லேசாகத் தொட்டதற்கே திறந்துகொண்டது. மூன்றாவது தடவை படுத்தபடி ஒரே உதை. ஜன்னல் வெளிப்பக்கம் வீசித் திறந்து நின்றது. அவள் உடனே எழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து வெளியே பார்த்தாள். கராஜின் கிடங்கும், பழைய டயரும், ஒரு தைலமரமும் தெரிந்தன. பிறகு தவழ்ந்து வெளியே வந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

அன்றைக்குச் சின்னத்தம்பியும் வந்திருந்தார். அவருக்கு ஆட்சேபணைகள் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் பின்பக்கமாகத் திறந்து சாமான் திருடுவார்கள் என்றார். வெளியே பிடியே இல்லை, உள்ளேயிருந்துதான் திறக்கும் என்று கஜேந்திரன் காட்டினார். முருகன் படத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். சண்முகவடிவு வெளியே தவழ்ந்து வந்ததைப் பார்த்த பிறகு ஆட்சேபணைகளை விட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் மீதியிருந்த இரண்டு பஸ்களில் ஒன்று கராஜ் வாசலில் நின்றது.

வாகனப் பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்தார். சிங்களத்தில் நிறையக் கேள்விகள் கேட்டார். எந்தப் பொறியியலாளர் வரைந்தது என்றார். ஒருவரும் வரையவில்லை என்றார் கஜேந்திரன். பரிசோதகர் நாடாவை எடுத்து அகல உயரங்களை அளந்தார். பிறகு காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கடைசி சீட்டில் பின்பக்கம் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து தானே உதைத்துப் பார்த்தார். இரண்டு முறை. தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருப்பதாக ஸுஹைர் வாசித்துச் சொன்னார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் எழுத வேண்டும் என்று ஸுஹைர் நினைத்தார். அந்த நேரத்தில் யார் வாசிப்பார்கள் என்று சண்முகவடிவு கேட்டதால், சிவப்புப் பெயிண்டில் ஒரு பாதம் மட்டும் வரைந்தார்கள். முதலில் அதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

இப்போது ஒன்பது பஸ்களில் அந்த ஜன்னல் இருக்கிறது. பூண்டுலோயா பக்கம் ஆறு, இறம்பொடை பக்கம் இரண்டு, ராகலையில் ஒன்று. மற்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் வைத்த பஸ் எதுவும் இதுவரை கவிழவில்லை; ஆகவே கராஜுக்கு வெளியே அது எப்படி வேலை செய்யும் என்பது கஜேந்திரனுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் அப்படியே சொல்லிவிடுவார். சண்முகவடிவு திரும்ப மலைக்குப் போகிறாள். டவுனுக்கு இன்னும் நடந்துதான் வருகிறாள்.

போன மாதம் ராகலைப் பஸ்ஸின் டிரைவர் போன் எடுத்தார். நாலு நாளாக அடைமழை, பின் ஜன்னலில் தண்ணீர் இறங்குகிறது, கடைசி சீட்டில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். சிலிக்கன் அடித்து ஒட்டிவிடட்டுமா என்று கேட்டார். ஒட்ட வேண்டாம், எதையும் வைத்து ஒட்ட வேண்டாம் என்று கஜேந்திரன் இரண்டு முறை சொன்னார். பிறகு தண்ணீர் இறங்காமல் விளிம்பில் வைக்கும் பன்னிரண்டு அடி ரப்பர் பீடிங்கை வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஸுஹைரிடம் சொல்லிவிட்டு, ராகலைக்குப் போக நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றார்.