படத்தில் இல்லாத களம்

விடிவதற்கு முன்பே இரும்பு தோளேறிவிட்டது. இரவெல்லாம் பனியில் கிடந்த குழாய், தொட்ட இடத்தில் தோலை இழுத்துப் பிடித்தது. முன்னால் சென்றாயன், பின்னால் கலைச்செல்வி. களத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் இருவர் காலும் ஒன்றாக விழ வேண்டும்; முன்னால் போகிறவர் தயங்கினால் மொத்தப் பாரமும் பின்னால் இருப்பவர் தோளெலும்பில் இறங்கும். தோளில் மடித்துப் போட்டிருந்த துணி நனைந்து, துருவின் சிவப்பு அவள் ரவிக்கை வரை ஊறியிருந்தது.

"வேரு இருக்குது தங்கச்சி, பாத்து வை" என்றான் சென்றாயன். "ஆகாசத்துல பறக்கற கப்பலாமா. நம்ம தோள்ல ஏறாம ரோட்டுக்கே போவ மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. இந்த இரும்பில் ஒரு பாதியை இங்கே சுமந்து இறக்கியவன் அவள் கணவன் இளங்கோ. இப்போது அவன் நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறான்.

மலைமேல், அரியூர் நாட்டின் அந்தச் சிற்றூருக்குப் பொதுவான, கதிரடிக்கும் களம் அது. போன கோடையில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து அதன்மேல் விண்கலம் ஒன்றைக் கட்டியது. ஐம்பது வருடங்களுக்கு முன் கறுப்பு வெள்ளையில் வந்து, இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் ஓடுகிற படத்தைப் பெருஞ்செலவில் மறுபடி எடுத்தார்கள். பழைய படத்துக் கலம் வளைத்துச் சாயம் பூசிய தகரம்தான். அது ஒரு மலையூர்க் களத்தில் இறங்கும். உள்ளேயிருந்து வருகிறவன், தானியம் தூற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் தண்ணீர் கேட்பான். கொடுப்பதா வேண்டாமா என்று அவள் யோசிக்கிற நேரம்தான் அந்தப் படம்.

புதுப்படம் வந்தபோது ஊரே பஸ் ஏறி மலையிறங்கியது. திரையில் வந்தவன் தண்ணீர் கேட்கவில்லை, இறங்கியதும் சுட்டான். பிறகு எல்லாரும் சுட்டார்கள். களத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் செய்த ஏதோ பாலைவனம். ஊர்க்காரர்கள் தோல் உரியச் சுமந்து கட்டிய கலம் ஒரு நொடிகூட வரவில்லை. கட்டுப்போட்ட காலைத் தியேட்டர் நடைபாதையில் நீட்டி உட்கார்ந்திருந்த இளங்கோ இடைவேளையிலேயே சொன்னான்: "எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு." ஒரு வாரத்தில் தியேட்டர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

தானியம் விழுகிற இடத்தில் செருப்புக் கால் படக் கூடாது. அது அந்த மலையின் வழக்கம். கம்பெனி கொடுத்த பூட்ஸுகளைக் களத்தின் ஓரத்தில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லாரும் வேலை செய்தார்கள். கலத்தின் பக்கத் தகடு ஒன்றை மேலே ஏற்றும்போது கயிறு நழுவியது. தகடு இளங்கோவின் வெறுங்காலில் இறங்கியது. முதல் ஆபரேஷனுக்குக் கம்பெனி பணம் கட்டியது. எலும்பு கூடவில்லை, இன்னொருமுறை திறக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். "படம் வரட்டும்" என்றார் மேனேஜர் யுவராஜ். படம் வந்தது, போனது. இப்போது அவர் கலத்தைக் கழற்றி இரும்பை எடுத்துப்போக வந்திருக்கிறார். வேறொரு கம்பெனிக்கு அதை விற்றாகிவிட்டது; ரோட்டில் லாரி நிற்கிறது.

கலைச்செல்வி குழாயை இறக்கிவிட்டுக் களத்துக்குத் திரும்பினாள். யுவராஜ் ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு காலுக்கு என்னங்க வழி?"

"படம் பார்த்தீங்கல்லம்மா? ஊத்திக்கிச்சு. முதலாளி ஆபீஸையே காலி பண்ணிட்டிருக்காரு."

"படம் ஊத்திக்கிச்சுங்க. காலு அப்படியேதானுங்க கெடக்குது."

"பூட்ஸ் கொடுத்தோமா இல்லையா? போடாதது யார் தப்பு?"

"ஷூட்டிங்கப்ப உங்க ஈரோவுந்தானுங்க இங்க பூட்ஸைக் கழட்டுனாரு" என்றான் சென்றாயன். "மண்ணை மதிக்கற படம்னு அவரு பாதத்தையே டிவியில காட்டிக்கிட்டு இருந்தீங்களே."

"அது விளம்பரம்ப்பா. இது வேலை."

"ஓகோ. விளம்பரத்துக்குச் சாமி களம், வேலைக்கு வெறுந்தரைங்களா?"

யுவராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் தூக்கமில்லை, அந்தப் படத்தால் அவரும் பல பேரிடம் திட்டு வாங்கியிருந்தார். "இங்க பாரும்மா, இந்தக் களத்து சீனே படத்துல கிடையாது. இல்லாத சீன்ல கால் போச்சுன்னு நான் போய்ச் சொன்னா, சிரிப்பாங்க."



"சீனு இல்லாம இருக்கலாமுங்க" என்றாள் கலைச்செல்வி. "ரத்தம் இருந்துச்சு. நான்தான் சாணி போட்டு மெழுகுனேன்."

அடுக்கியிருந்த இரும்பின்மேல் அவள் உட்கார்ந்தாள். சென்றாயன் பக்கத்தில் உட்கார்ந்தான். பாதையில் இருந்தவர்கள் சுமையை அங்கங்கே இறக்கினார்கள்.

"நல்லா உட்காருங்க" என்றார் யுவராஜ். "அடைச்சுக் கிடக்கிறது உங்க களம். முளைக்கப் போறது உங்க சாமை."

அது பொய்யில்லை. களத்தின் ஓரத்தில் அறுத்த சாமைக் கட்டுகள் கிழிந்த தார்ப்பாயின் கீழ் குவிந்திருந்தன. அதில் பெரும்பங்கு ஊரில் மூத்தவளான அத்தாயியுடையது. அவள் கட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். உள்ளே சூடு ஏறியிருந்தது. கிழக்கே மேகம் கறுத்துவந்தது.

"கலை, இரும்பை ஏத்தி உட்டுட்டுப் பேசிக்கலாம் கண்ணு. களம் வேணுமில்ல?"

"ஏத்தி உட்டுட்டா யாருகிட்டங்க அத்தே பேசறது?"

அத்தாயி கட்டுக்குள்ளிருந்து கையை உருவினாள். ரோட்டைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். "நாசமாப் போன படம்" என்று முணுமுணுத்தபடி வந்து உட்கார்ந்தாள். "தள்ளி உக்காரு சாமி."

யுவராஜ் போனில் பேசினார். வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு வேனில் சுமைக்காரர்கள் வந்தார்கள். அவர்களின் மேஸ்திரி குழந்தைவேல், தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே இறங்கி வந்தான்.

"செருப்பை ஓரமா உட்டுட்டு வாப்பா" என்றாள் அத்தாயி.

"கழட்டாதே" என்றார் யுவராஜ். "அப்புறம் எங்க மேல பழி வரும்."

ஒரு காலைத் தூக்கியபடியே குழந்தைவேல் நின்றான். "என்ன பழிங்க?"

கலைச்செல்வி சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அவன் யுவராஜைப் பார்த்தான்.

"எங்க கால்ல உழுந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ஏன்யா விழப்போகுது?"

"உழுந்தா?"

யுவராஜ் போனைப் பார்த்தார். அதில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

குழந்தைவேல் செருப்பைக் கழற்றினான். களத்துக்குள் வந்து, துண்டை இரும்பின்மேல் விரித்து உட்கார்ந்தான். அவன் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேன் வாடகை யாரு தர்றது?" என்று ஒருவன் முனகினான். முனகிக்கொண்டே அவனும் செருப்பைக் கழற்றினான்.

"அந்தக் காலுடைஞ்சவன் உனக்குச் சொந்தமா?" என்றார் யுவராஜ்.

"பேருகூடத் தெரியாதுங்க." அவன் கலைச்செல்வியின் பக்கம் திரும்பினான். "பேரு என்னம்மா?"

"இளங்கோ."

மழை பெரிய சொட்டுகளாக விழத் தொடங்கியது. அத்தாயி எழுந்து தார்ப்பாயை நோக்கி ஓடினாள். சென்றாயன் நிமிர்ந்து விண்கலத்தைப் பார்த்தான். சிறகும் வாலும் போயிருந்தன. வயிறும் மேல்மூடியும் இன்னும் கழற்றப்படவில்லை.

"அதுக்குள்ள ஏத்துங்கப்பா!"

மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் வரிசை கட்டினார்கள். சாமைக் கட்டுகள் கை மாறிக் கை மாறிக் கலத்துக்குள் போயின.

"யோவ், அது கம்பெனிப் பொருள்! நான் என்னய்யா பதில் சொல்றது?" மழைக்குள் நின்று கத்தினார் யுவராஜ்.

"கம்பெனியை வந்து பேசச் சொல்லுங்க" என்றாள் கலைச்செல்வி, கையிலிருந்த கட்டைக் குழந்தைவேலுக்குக் கொடுத்தபடி. "நாங்க இங்கதான் இருப்போம்."

மேலே, ரோட்டில், லாரிக்காரன் எஞ்சினை நிறுத்தினான்.