திறக்க மாட்டேன் என்கிற வால்வு

என் அத்தானிடம் ஒரு குணம் உண்டு. எந்த இயந்திரம் நின்றாலும் அதில் என்ன கெட்டது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். அன்று மத்தியானமும் அப்படித்தான். "மச்சான், பாய்லர்ல கேஸ் வால்வு திறக்க மாட்டேங்குது. சட்டுனு வந்து திறந்து விட்டுட்டுப் போயிடு" என்றார் போனில். ஏதோ டப்பா மூடி இறுகிக்கொண்டது போலச் சொன்னார்.

நான் பாய்லர்களுக்கு பர்னர் பழுது பார்க்கிறவன். அக்காவும் அத்தானும் ஒரு சலவைக்கூடம் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காயவைத்து, தேய்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நீராவி கொடுப்பது பின்னறையில் இருக்கும் ஒரே பாய்லர். தினமும் அதன் முன்னால் நின்று பற்றவைப்பது என் அக்கா. அத்தான் வாடிக்கையாளர்களிடம் பேசுவார். பாய்லரைப் பற்றியும் நிறையப் பேசுவார்.

போய்ப் பார்த்தேன். வால்வின் தலை சப்பட்டையாகி, பெயின்ட் உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"தட்டினா சில சமயம் எடுத்துக்கும் மச்சான். ஸ்பானரால மெதுவாத்தான் தட்டினேன்."

"மெதுவாவா?" என்றாள் அக்கா, மூட்டையைப் பிரித்துக்கொண்டே. "வீடு இடிக்கிறீங்களான்னு பக்கத்துக் கடைக்காரர் வந்து கேட்டுட்டுப் போனார்."

அதோடு விட்டாரா? வால்வுக்கு உத்தரவு கொடுக்கிற கன்ட்ரோல் பெட்டியை மாற்றியிருக்கிறார். அதற்கும் மசியவில்லை என்றதும் இன்னொன்று வாங்கி மாட்டியிருக்கிறார். இரண்டும் போலி என்று கடைக்காரனைக் கண்டபடி திட்டிவிட்டும் வந்திருக்கிறார். அந்த ஆள் என் நண்பன். இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

"பட்டனை அமுக்கினா என்ன ஆகுதுக்கா?"

"காத்தாடி சுத்துது. அப்புறம் சிவப்பு லைட் வந்து நின்னுடுது. பத்திக்கவே மாட்டேங்குது."

சிவப்பு விளக்கு என்றதும் கையில் எடுத்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அந்தக் குழாயில் வால்வு ஒன்றல்ல, இரண்டு, ஒன்றையடுத்து ஒன்று. ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றட்டும் என்பதற்காக. பற்றவைக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி அந்த இரண்டும் ஒழுங்காக மூடியிருக்கின்றனவா என்று சோதிக்கும். கசிந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, எவன் வந்து கெஞ்சினாலும் வால்வைத் திறக்க விடாது. ஆக, திறக்காததுதான் கோளாறு என்று அத்தான் அடித்துக்கொண்டிருந்த வால்வின் உண்மையான கோளாறு, சரியாக மூடாததாக இருக்கலாம்.

கதவு ஜன்னல்களை எல்லாம் விரியத் திறந்தேன். இஸ்திரி போடுகிற பெண்களை முற்றத்துக்கு அனுப்பினேன். கேஸ் மோப்பம் பிடிக்கும் கருவியை அறை முழுக்க, மேலும் கீழும், மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். காற்றோட்டம் வந்தபின் அது வாயைத் திறக்கவில்லை. பிறகு வெளியே போய் கேஸ் குழாயின் கைப்பிடியை மூடி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பர்னருக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இவ்வளவுக்கும் நடுவில் அத்தான் பாய்லர் மேல் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்காரரிடம் போனில், "இதோ ஆச்சு சார், மெக்கானிக் கை வச்சுட்டாரு" என்று அளந்துகொண்டிருந்தார்.

"அத்தான், போனை வெளியில போய்ப் பேசுங்க."

"ரெண்டு வார்த்தைதான்."

"வெளியில."

போனார். மின்பலகையைத் திறந்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லாமல், பளபளவென்று ஒரு பச்சை ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. சோதனைப் பெட்டியின் வாயைக் கட்டுவதற்காக யாரோ குறுக்கே போட்ட ஒயர். ஒரு முனை இன்று காலையில் கழன்றிருக்கிறது. பெட்டிக்கு வாய் திரும்பிவிட்டது. அதனால்தான் பாய்லர் நின்றிருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் கிரீஸ்.

வால்வுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன முனையில் என் கண்ணாடிக் குழாயை மாட்டினேன். வளைந்த குழாய், உள்ளே தண்ணீர். வால்வு கசிந்தால் தண்ணீர் நகரும், அவ்வளவுதான் வித்தை. பின்சுவருக்கு வெளியே, கேஸ் உள்ளே வருகிற இடத்தில் இருந்த கைப்பிடியைத் திறந்துவிட்டு வந்து பார்த்தேன். மின்சாரம் இல்லை, இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் அசையக்கூடாது. ஏறியது. முதல் வால்வு கேஸை உள்ளே விடுகிறது. வெளியே போய்க் கைப்பிடியை மூடிவிட்டு வந்தேன். ஏறிய தண்ணீர் மெதுவாக இறங்கியது. இரண்டாவது வால்வும் விடுகிறது. அது விடுகிற கேஸ் போவது நேராகப் பாய்லரின் வயிற்றுக்குள். என் மனது கேட்கவில்லை, மறுபடி ஒரு முறை செய்தேன். மறுபடியும் அதே கதை.

சோதனை முனையை இறுக மூடி, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். வெளியே போய்க் கைப்பிடியை மூடி, என் பூட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். அத்தான் முன்வாசலில் இன்னும் அளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இங்க எப்பவாவது கேஸ் வாடை வருமா?"

"காலையில கதவைத் திறந்ததும் லேசா வரும். கொஞ்ச நேரத்துல போயிடும். பழகிடுச்சுடா."

ராத்திரி முழுக்கக் கசிந்த கேஸ் உள்ளே சேர்ந்திருக்க, அதன் முகத்துக்கு நேராக நின்று என் அக்கா பட்டனை அமுக்கியிருக்கிறாள். அந்தக் காற்றாடி முதலில் சுற்றி உள்ளே இருப்பதை ஊதி வெளியே தள்ளுகிறது, அதனால் பிழைத்திருக்கிறாள். காற்றாடி ஒரு நாள் சோம்பினால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"அத்தான்! இந்தப் பச்சை ஒயர் யார் வேலை?"

"அதுவா? நம்ம எலெக்ட்ரீஷியன்தான் போட்டுக் குடுத்தான். அது சும்மா சும்மா சிவப்பு காட்டிக்கிட்டே இருந்துச்சு மச்சான். மழைக்கு முன்னாடியிலேர்ந்து ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சே. அதை ஒட்டிவிட்டா சரியாயிடுமா?"

"ரெண்டு வால்வும் கசியுது. சேர்த்து மாத்தணும். கழட்டித் தொடைச்சு மாட்டற சாமான் இல்ல இது. புதுசு வர நாளைக்காகும். அதுவரைக்கும் பத்த வைக்கக் கூடாது."

"நாளைக்கா? ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே விரிப்பு போகணும்டா! இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்குவோம். இத்தனை நாள் ஓடலையா? நீங்கல்லாம் படிச்சுட்டு வந்து சும்மா பயம் காட்டறீங்க."

தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். கேஸ் எங்கே சேரும், எப்படி வெடிக்கும், பாய்லர் கதவு எந்தப் பக்கம் பறக்கும், எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது." சுவரிடம் பேசியிருந்தால் அது நாகரிகமாகச் சும்மாவாவது இருந்திருக்கும்.

எனக்கு ஒரு கட்டத்தில் சீ என்று ஆகிவிட்டது. "சரி அத்தான். ஒண்ணும் ஆகாதுல்ல? ஒயரை ஒட்டிடறேன். நீங்களே பட்டனை அமுக்குங்க. நானும் அக்காவும் தெருமுனையில நிக்கிறோம்."

ஃபியூஸ் என் சட்டைப் பையில். கேஸ் வெளியே பூட்டில். அந்தப் பட்டனை யானை வந்து மிதித்தாலும் ஒரு பொறி வராது. இதெல்லாம் அத்தானுக்குத் தெரியாது.

அத்தான் பட்டனைப் பார்த்தார். பாய்லரைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கில்ல... உங்க அக்காவுக்குத்தான் அதோட கை பழகியிருக்கு" என்றார்.

அக்கா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கை பழகியிருக்கா?" என்றாள். "ஆமா, பழகியிருக்கு. நான் பத்தவைக்கிறப்பல்லாம் உங்க கால் வாசல்ல நிக்கவும் பழகியிருக்கு. நான் பாத்ததில்லன்னு நெனைச்சீங்களா? போன் பேசப் போறீங்கன்னு நெனைச்சேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"அந்தப் போனைக் குடுங்க."

வாங்கி ஆஸ்பத்திரிக்காரரைக் கூப்பிட்டாள். பாய்லர் கேஸ் கசிகிறது, இன்று விரிப்பு வராது, வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். இழுத்தடிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அவர் என்னவோ கோபமாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. சரிங்க என்று வைத்துவிட்டாள்.

பிறகு என்னிடம், "கேஸை எங்க நிறுத்தியிருக்கே, காட்டு" என்றாள்.

பின்சுவருக்கு வெளியே அழைத்துப் போனேன். அத்தானும் பின்னாலேயே வந்தார். கைப்பிடியைக் கவ்வியிருந்த, வரிசையாக ஓட்டைகள் உள்ள இரும்புக் கொக்கியையும் அதில் தொங்கிய என் பூட்டையும் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. குனிந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உன் பூட்டு ஒண்ணுதானே? கூட இத்தனை ஓட்டை எதுக்குடா?"

"எங்க தொழில்ல அப்படித்தாங்கா. இதைத் திறந்தா யார் யாருக்கு ஆபத்தோ, அவங்க ஆளுக்கொரு பூட்டு போட்டுக்கணும். அவங்கவங்க சாவி அவங்கவங்ககிட்ட. எல்லாரும் கழட்டினாத்தான் திறக்கும்."

அக்கா உள்ளே போனாள். தன் அலமாரியில் தொங்கிய பூட்டோடு வந்து, என் பூட்டுக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டி அழுத்தினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அத்தான், பாதிக் குரலில். "நாளைக்குப் புது வால்வு வந்ததும் அவன்தான் மாட்டிட்டுத் திறக்கப் போறானே."

"அவன் மாட்டட்டும். மாட்டிட்டு அவன் பூட்டைக் கழட்டிட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா. "முன்னால நின்னு நான் அமுக்கறேன்னு நீங்க என்னிக்குச் சொல்றீங்களோ, அன்னிக்கு என்னுதைக் கழட்டறேன்."

அத்தான் உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்பானர்களைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தேன்.