கைராசிக்காரி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். படிகம் கட்டாமல் சண்டித்தனம் செய்யும் கரைசல் எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்பக்கத்தை லேசாகக் கீறிவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் அடியில் படிகம் மினுமினுத்துக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அசடு வழிய நன்றி சொல்வார்கள். வேதியியல் படித்தவர்கள் ராசி பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். ஒரே குடுவையை ஒரு வருடம் வெறித்துப் பார்த்தால் நீங்களும் பார்ப்பீர்கள்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை என்பாள் அவள். படிகத்துக்கு ஒரு விதை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று விழுந்தால் போதும், மற்ற மூலக்கூறுகள் அதைப் பார்த்து அப்படியே வரிசையில் நின்றுவிடும். இத்தனை வருடம் படிகங்களோடு புழங்கியவளின் தலைமுடியிலும் உடுப்பு மடிப்பிலும் விதை ஒட்டியிருக்காதா என்ன? இப்படிச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

அவளுடைய சொந்த ஆராய்ச்சி இன்சுலின். சூடு பட்டாலும் கெடாத இன்சுலினைச் செய்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் வீட்டிலேயே இருந்தது. பத்து வயது மகளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் ஊசி போட வேண்டும். மருந்து இல்லாவிட்டால் பிள்ளை ஓரிரு நாள்கூடத் தாங்காது. இதை மறந்து அவள் ஒரு வேளைகூடச் சோறு தின்றதில்லை.

சூட்டில் வைத்த இன்சுலின் கெட்டுப்போவது புதிதல்ல. மூலக்கூறுகள் தங்கள் வடிவத்தை விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், கரைசல் கலங்கும். ஆனால் அன்று ஒரு குடுவையில் அவள் பார்த்தது வேறு. தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள், கலக்கினாலும் அறுபடாமல், தாமாகவே மெல்ல அசைந்துகொண்டிருந்தன. வேறு யாராவது என்றால் அமிலத்தை ஊற்றிக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். புது உருவம் எதைக் கண்டாலும் விதைக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் எடுத்து வைப்பது படிகக்காரர்களின் பழக்கம். அவளும் எடுத்து வைத்தாள். அதில் ஒரு துளியை நல்ல குடுவையில் விட்டாள். சொட்டுக்குழாயைக் கீழே வைப்பதற்குள் குடுவை முழுக்க வெளுத்துவிட்டது.

மறுநாள் அந்த வரிசையில் இருந்த எல்லாக் குடுவைகளும் வெளுத்திருந்தன. அதற்கு மறுநாள், மூடி முத்திரை வைத்தவையும் வெளுத்தன. மூடியிருந்த கண்ணாடிக்குள் விதை எப்படிப் போகும்? எடுத்து வைத்ததை எரித்தாள், குடுவைகளை உடைத்துப் போட்டாள், மேசையைத் தேய்த்துக் கழுவினாள். கடைசியில் உதவியாளரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிப் புதிதாகச் செய்து பார்க்கச் சொன்னாள். தெளிவாக வந்திருக்கிறது என்று அவர் போனில் சொன்னதும் குளித்து, உடுப்பு மாற்றி, வெறுங்கையோடு பார்க்கப் போனாள்.

வாசலைத் தாண்டவில்லை அவள். உதவியாளர் சந்தோஷமாக மூடிய சீசாவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியிலிருந்து ஒரு வெள்ளை இழை எழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் சீசாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கொஞ்சம் வெளிய நில்லுங்களேன், மேடம்” என்றார்.

நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்ட மனுஷன். அந்த மேடத்தில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

குளிர்பெட்டியில் மகளின் மருந்துச் சீசாக்கள் எல்லாம் பால் மாதிரி இருந்தன. இன்னும் பிரிக்காத பெட்டியில் இருந்தவையும்தான்.

கணவன் வெளியூரில் இருந்தான், மறுநாள்தான் வருவான். எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்து, தூரத்துக் கடை ஒன்றிலிருந்து மருந்து வாங்கி வரச் சொன்னாள். நேராக மகளின் அறையில் கொடுத்துவிடுங்கள், என்னிடம் காட்ட வேண்டாம் என்றாள். அவர் திரும்பி வரும்வரை தெருக்கோடியிலேயே நின்றாள். மருந்தைக் கொடுத்தவர், ஊசி என்றால் தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையின் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. பள்ளியிலிருந்து வந்ததிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று குடித்தபடி இருந்தாள்.

மகளைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, தெருவிலேயே நிற்க மனம் கேட்காமல் வீட்டுக்குள் வந்து கூடத்தின் மறுகோடியில் சுவரோடு சுவராக நின்றாள் அம்மா.

“சீசா எப்படிடா இருக்கு?”

“தண்ணி மாதிரி இருக்கும்மா.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ரப்பரைத் துடை, ஊசியை நேராகக் குத்து, இத்தனை கோடு வரைக்கும் இழு, காற்றுக்குமிழி இருக்கிறதா பார். பிள்ளைக்குச் செய்யத் தெரியும், தினமும் பார்ப்பதுதானே. ஆனால் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டதில்லை.

“பயமா இருக்கும்மா. நீ வந்து புடிச்சுக்கோயேன்.”

“அம்மா வரக் கூடாதுடா கண்ணு. வந்தா மருந்து கெட்டுடும். சீக்கிரம் போட்டுக்கோ.”

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஓடிப் போகாமல் இருக்க அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ‘ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

“போட்டுட்டேம்மா” என்றது குரல். அழுகையும் பெருமையுமாக இருந்தது. “முழுசா உள்ள போயிடுச்சு.”

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. தரையில் உட்கார்ந்தேவிட்டாள். என் தங்கம், என் ராஜாத்தி என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சீசா இனி எக்கேடு கெட்டாலும் கெடட்டும், இந்த வேளைக்குத் தேவையானது பிள்ளையின் உடம்புக்குள் போய்விட்டது.

உடம்புக்குள்.

அவள் எழுந்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது, வாசலுக்குப் போக மகளின் அறைப் பக்கமாகத்தான் நடக்க வேண்டும்.

“அப்படியே உள்ளயே இரு” என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. கன்னத்தில் கண்ணீர் காயாமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பிள்ளை அவளை நோக்கி ஓடி வந்தது.