லங்கர் கொட்டகை

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த பிறகும் ஆவுடையார்கோவில் பக்கத்து அந்த ஊரில் திருவிழா ஏலம் நிற்கவில்லை. பொரிகடலைக் கடை, ராட்டினம் எல்லாம் ஏலம் போய், கடைசியாக லங்கர் கட்டைக் கொட்டகை வரும். படம் போட்ட துணியில் காசு வைத்து, டப்பாவில் கட்டையைக் குலுக்கிக் கவிழ்க்கிற சூதாட்டம். ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யாரும் அந்த வருஷம் ஊருக்குள் கட்டை உருட்ட முடியாது. சாமி காரியத்துக்குப் போகிற பணமாம், அதனால் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை.

காத்தாயிக்கு அந்தக் கொட்டகை சக்களத்தி மாதிரி. அவள் புருஷன் உடையப்பன் மற்ற நாளில் தங்கமான மனிதர். திருவிழா வந்தால் அங்கேயே பழியாய்க் கிடப்பார். இருப்பதையெல்லாம் தொலைத்துவிட்டு, விடிந்ததும் அவளுக்கு ஒரு பொட்டலம் மிட்டாயோடு வந்து நிற்பார். அதற்கு மட்டும் எப்படிக் காசு மிஞ்சுமோ, அந்த மனிதருக்குத்தான் வெளிச்சம். போன வருஷம் உழவு மாட்டில் ஒன்று போயிற்று. அன்றைக்கும் மிட்டாய் வந்தது.

"இந்த வருசம் கொட்டாயை நாமளே எடுத்துருவோம்ணே" என்றாள் அண்ணன் ஆண்டியப்பனிடம்.

"எடுத்து என்னத்தா பண்ணுவ?"

"மூடிப் போடுவேன்."

காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

பெண்கள் ஏலம் கேட்கிற வழக்கமில்லை. அண்ணன் கேட்டான், அவள் வண்டிக்குப் பின்னால் நின்றாள். எதிரே அறந்தாங்கி நாகராசு, ஊர் ஊராய்க் கொட்டகை போடுகிறவன். இவன் ஏற்ற அவன் ஏற்ற, தண்டட்டிப் பணம் தீர்ந்துபோய் அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

"மிச்ச மாட்டையும் சேத்துக் கேளுண்ணே."

மூணு தரம் சொல்லி, கொட்டகை ஆண்டியப்பன் பேருக்கு முடிந்தது. நாகராசு சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

திருவிழா அன்று கொட்டகை இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. உடையப்பன் அதையே இரண்டு மூன்று தடவை சுற்றி வந்தார். காத்தாயிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

"இந்தா வாரேன்" என்று கிளம்பினார். நாகராசு வேறொரு ஊரில் கொட்டகை போட்டிருந்தான். அதைத் தேடித்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. அறந்தாங்கியில் பார்த்ததாகச் சொன்னார்கள், அதற்கப்புறம் வேறெங்கோ. பிறகு யாரும் பார்க்கவில்லை. உள்ளூரில் தோற்றால் விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். ஊர் ஊராய்த் தோற்றவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவார்? அவர் திரும்பி வருகிற வழியை நாமே அடைத்துவிட்டோமே என்று காத்தாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருஷ ஏலத்தில் அவளே கேட்டாள். கடன் வாங்கிக் கேட்டாள். யாரும் தடுக்கவில்லை. இந்தத் தடவை கொட்டகையை மூடவில்லை.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவளே டப்பாவைக் குலுக்கினாள். "வைங்கய்யா வைங்க, ஒண்ணுக்கு ரெண்டு." முகங்களை அவள் பார்க்கவில்லை. துணிமேல் நீளுகிற கைகளைத்தான் பார்த்தாள். உடையப்பனுக்கு இடக்கைப் பழக்கம். எந்த இடக்கை நீண்டாலும் விருட்டென்று நிமிர்வாள். பிறகு மறுபடி குனிந்துகொள்வாள்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். மேலத்தெரு மூக்காயி. காது இரண்டும் மூளியாக இருந்தன.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், மூடிருங்கக்கா."

காத்தாயி அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடச் சொல்லாத தாயி. இங்கிட்டே தோக்கட்டும். இங்கிட்டுத் தோத்தா விடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருவாக."

டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். "வைங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே துணிமேல் நீண்ட கைகளில் ஓர் இடக்கையைத் தேடினாள்.