ஏழு திரை தாண்டி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். புரோகிராமர்கள் எழுதிக் கொடுக்கும் மென்பொருளில் எந்த மூலையில் பிழை ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். டெஸ்டருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன என்று அவளும் அதைச் சந்தோஷமாகவே சுமந்தாள்.

மொத்தம் ஐந்து பேர் கொண்ட குழு. பல் ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயிண்ட்மெண்ட் கொடுக்கிற மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். போன வருடம் மேனேஜர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், அஜைல் என்ற புது மந்திரத்தோடு திரும்பி வந்தார். ஆறு மாதம் உட்கார்ந்து மொத்தமாகச் செய்து கொடுக்கும் பழக்கத்துக்கு முழுக்கு. இனி இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடியே பேச வேண்டும். இரண்டு வார முடிவில் எது சரி, எது தப்பு என்று மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் சுவர் முழுக்கக் கலர் கலராகக் காகிதம் ஏறியது.

காகிதம் ஏறிய வேகத்தில் பழக்கம் ஏறவில்லை. காலைக் கூட்டம் முக்கால் மணி நேரத்துக்கு நீண்டது. ஆளாளுக்கு மேனேஜரின் முகத்தைப் பார்த்து முந்தின நாள் வேலையை ஒப்பித்தார்கள். கால் கடுத்தவர்கள் முதலில் சுவரில் சாய்ந்தார்கள், பிறகு மேஜை விளிம்பில் ஒண்டினார்கள், கடைசியில் நாற்காலியையே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மனம்விட்டுப் பேசும் கூட்டத்திலோ, எல்லாம் நல்லாத்தான் போகுது என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். செய்த துண்டுகளை மேனேஜர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. ஆஸ்பத்திரிக்கு அவை பழையபடி ஆறு மாதம் கழித்து மூட்டையாகத்தான் போய்ச் சேர்ந்தன.

இப்படியிருக்கும்போது மூக்குக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அவளுடைய நாத்தனார் வேலை பார்ப்பதே ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள்.

தன் முறைக்காகக் காத்திருந்த மூக்கு, நாத்தனார் போனைக் காதில் இடுக்கியபடி ஒரு நீள நோட்டில் மளமளவென்று எழுதுவதைக் கவனித்தாள். பக்கத்தில் மூக்கின் குழு செய்த மென்பொருளோடு கம்ப்யூட்டர் சும்மா மினுங்கிக்கொண்டிருந்தது. அது எதற்கு இருக்கிறது என்று கேட்டாள்.

"சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் இதைப் பார்த்து அதுல ஏத்துவேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒருத்தர் தாடையைப் பிடிச்சிக்கிட்டு நேரத்தை மாத்தச் சொல்றாரு. அதுக்கு உங்க ஆளுங்க ஏழு ஸ்கிரீன் வச்சிருக்காங்க. நான் ஏழாவதுக்குப் போறதுக்குள்ள அவருக்குப் பல்லே தானா விழுந்துடும்."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க டெஸ்ட் பண்ணதுன்னு தெரியும். தினமும் சோறு போடுற கையை எப்படிக் குறை சொல்றது?"

மூக்குக்குப் பல்வலியே மறந்துபோனது. அந்த ஏழு திரைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

அந்த வாரக் கடைசியில் வந்த மனம்விட்டுப் பேசும் கூட்டத்தில் மற்றவர்கள் நல்லாத்தான் போகுது பாட்டை முடித்ததும், அவள் ஆஸ்பத்திரியில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஏழும் சரின்னு எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு தடவைகூட கையில போனை வச்சிக்கிட்டு உட்கார்ந்து பார்க்கல," என்று முடித்தாள்.

முதலில் வாயைத் திறந்தவன் மின்னல். விசைப்பலகையில் அவன் விரல் ஓடும் வேகத்துக்கு வைத்த பெயர் அது. ஏழு திரையும் அவன் பெற்ற பிள்ளைகள். வரவேற்பு மேஜையில் இருப்பவர்களுக்குச் சரியாகப் பயிற்சி கொடுத்தால் போதும், வேண்டுமானால் தானே போய் உட்கார்ந்து காட்டுவதாகச் சொன்னான். மேனேஜர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மின்னல் அந்த மேஜையில் உட்கார்ந்தான். முதல் ஆள் நேரம் மாற்றக் கேட்டார். மின்னல் ஐந்தாவது திரையில் இருக்கும்போதே அவர் போனை வைத்துவிட்டார். இரண்டாவதாகப் பேசிய அம்மா, வலியில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். மூன்றாவது போனுக்கு அவன் சத்தமில்லாமல் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மின்னல்தான் முதலில் பேசினான். "இதை ஒரே ஸ்கிரீனா எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல. யாராவது கூட உட்காருங்க," என்றான். ஒரு வருடத்தில் அந்த அறையில் யாரும் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் உடனே அவன் பக்கம் போனார்கள். ஒப்பிக்க ஆளில்லாமல் நின்ற மேனேஜர், அடுத்த நாளிலிருந்து தானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டார். கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. நாற்காலிக்கு வேலை இல்லாமல் போனது.

இரண்டு வாரத்தில் ஒற்றைத் திரை தயாரானது. இந்தத் தடவை மூட்டை கட்டிக் காத்திருக்காமல் நேரே அந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். முதல் நாளே டாக்டரின் ஒரே நாற்காலிக்கு, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். பல் மருத்துவரிடம் போகிறவர்களாயிற்றே, சண்டைக்குப் பதிலாக நீங்க போங்க, பரவாயில்ல நீங்களே முதல்ல போங்க என்று தாராளத்தில் போட்டி போட்டார்களாம். நாத்தனார் சிரிப்பை அடக்கியபடி போனில் சொன்னாள். மாற்றியது சின்னத் துண்டு என்பதால் மூக்கு மதியத்துக்குள் பிழையைப் பிடித்தாள். மாலைக்குள் மின்னல் சரிசெய்தான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரியும், அன்றைக்குப் புதுசு எதுவும் வேண்டாம் என்றாள் நாத்தனார். அனுப்புகிற நாள் புதனுக்கு மாறியது. பயிற்சியில் அப்படிச் சொல்லவில்லையே என்று மேனேஜர் இழுத்தார். அப்புறம் தானே சிரித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு நாத்தனாரே கூட்டத்துக்கு வருகிறாள். முதல் தடவை கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள். நாலாவது தடவை மின்னலோடு வாதம் பண்ணி ஜெயித்தாள். போன வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆசை ஆசையாக ஒரு புது யோசனையை மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டினார். வரவேற்பு மேஜைத் திரையில் நோயாளிகளுக்குச் சிரித்தபடி காலை வணக்கம் சொல்கிற பொம்மைப் பல்.

நாத்தனார் அதை இரண்டு தரம் படித்தாள்.

"பல்லு வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட இது வந்து சிரிச்சா அடிக்க வருவாங்க சார்," என்றாள்.

மேனேஜர் எழுந்துபோய்த் தன் காகிதத்தைத் தானே பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடைக்கு வீசினார். குறி தப்பி அது மின்னலின் தலையில் விழுந்தது. மூக்கு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் குழு எட்டிப் பார்த்தது.