முப்பதில் எத்தனை நாள்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். கிடைத்ததோ அந்த வாய்க்குப் பூட்டுப் போடுகிற வேலை. கணினி ஏதோ ஓர் எண்ணை அழைக்கும். யாருடையது என்று திரையில் தெரியாது. எடுத்தவரிடம் உடல்நலம் பற்றிய நாற்பது கேள்விகளை, எழுதியிருப்பதை எழுதியபடியே படிக்க வேண்டும். புகைக்கிறேன் என்றால் "ஐயோ" கூடாது. விட்டுவிட்டேன் என்றால் "சபாஷ்" கூடாது. மேற்பார்வையாளர் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காதம்மா. தெரிந்தவர் குரல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் முதல் விதி.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்த "ஹலோ" என் அண்ணனுடையது.

நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவன்மேல் கோபம். கொஞ்ச நாளாக ஆள் வற்றிக்கொண்டே வருகிறான். எப்படி இருக்கே என்று கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று ஒரே பதில். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இவனிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. சரி, முன்பின் தெரியாதவளிடமாவது உண்மை சொல்கிறானா பார்ப்போம் என்று, குரலைத் தட்டையாக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

"இப்போது பேச வசதியான இடத்தில் இருக்கிறீர்களா?"

"இருக்கேங்க. பக்கத்துல யாருமில்ல."

அச்சகத்தில் வேலை பார்ப்பவன் பக்கத்தில் யாருமில்லை என்கிறான். இயந்திரச் சத்தமும் இல்லை, காக்கைதான் கத்தியது.

"புகைபிடிக்கிறீர்களா? தினமுமா, சில நாட்களா, இல்லவே இல்லையா?"

"தினமும்."

எட்டு வருஷத்துக்கு முன்பே விட்டவன். பல்லைக் கடித்துக்கொண்டு 'தினமும்' என்பதை அழுத்தினேன்.

"கடந்த முப்பது நாட்களில் உங்கள் மனநிலை சரியில்லாமல் இருந்த நாட்கள் எத்தனை?"

ஏதோ எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. பிறகு, "முப்பதுன்னு போட்டுக்குங்க" என்றான்.

"தற்போது வேலையில் இருக்கிறீர்களா?"

"இல்ல. போய் ரெண்டு மாசமாச்சு."

தினமும் எட்டு மணிக்கு அண்ணி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டோடு கிளம்புகிறானே! அடுத்த கேள்வி, வாரத்தில் எத்தனை முறை காய்கறி சாப்பிடுகிறீர்கள் என்பது. அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு அழைக்கிறோம் என்று வைத்துவிட்டு நேராகக் காதம்மாவிடம் போனேன்.

"என் அண்ணன் மேடம். முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுது. நிறுத்தல."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "கேட்டதும் தப்பு, பாதியில வெச்சதும் தப்பு. இந்தப் பதில் ஒண்ணுகூட கணக்குல சேராது." என் கண்முன்னே எல்லாவற்றையும் அழித்தார். "இங்க கேட்டதை வெளியில சொல்லக்கூடாது. உங்க அண்ணிகிட்டகூட."

"அவன்கிட்ட?"

"அவர் சொன்னதை அவர்கிட்டயே பேசறதுக்கு விதி ஒண்ணும் இல்லம்மா. அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு."

மாடிப்படியில் நின்று என் போனிலிருந்து அழைத்தேன்.

"அண்ணா, இப்ப உன்கிட்ட கேள்வி கேட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அதெல்லாம் சொன்னே?"

"எப்படி இருக்கேன்னு எல்லாரும்தான் கேக்கறீங்க. நல்லாயிருக்கேன்னு சொன்னா போயிடறீங்க. எத்தனை நாள்னு இன்னிக்குத்தான் ஒருத்தி கேட்டா. எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள்கூட மிச்சமில்ல."

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"எங்கே இருக்கே?"

"நூலகத்துக்குப் பின்னாடி, பெஞ்சுல."

"அங்கேயே இரு. இதோ வர்றேன்."

வேண்டாம், உனக்கு வேலை இருக்கும் என்பான் என்று நினைத்தேன்.

"சீக்கிரம் வா" என்றான்.