பாஸான கண்

ஏழு வயது மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். அவளுடைய இடது கண் சரியாகப் பார்க்கப் பழகாத சோம்பேறிக் கண். நன்றாகத் தெரியும் வலது கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, ஒரு வருடம் படாத பாடு பட்டு இடது கண்ணை வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கடைசிப் பரிசோதனையில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "உன் கண்ணு பாஸ்" என்றார். கண்ணாடியை விடாமல் போட வேண்டும், பார்வை மறுபடி இறங்கலாம், சில மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். வாலுவின் காதில் விழுந்தது முதலில் சொன்னது மட்டும்தான்.

அம்மா முன்னறையில் துணி திருத்தித் தரும் கடை வைத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியதிலிருந்து ஊசியில் நூல் கோப்பது அவளுக்குப் பெரும்பாடு. பள்ளி விட்டு வந்ததும் மகள்தான் கோத்துக் கொடுப்பாள். சிகிச்சை முடிந்த பிறகும் அம்மா அவ்வப்போது பின்னால் நின்று மகளின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இப்பக் கோத்துக் காட்டு பாக்கலாம்" என்பாள்.

ஒருநாள் நூல் ஊசிக்காதுக்குப் பக்கத்திலேயே போய்ப்போய் வந்தது. நூல் சரியில்லை என்றாள் வாலு. அம்மா வேறு நூல் கொடுத்தாள். அதுவும் நுழையவில்லை. மூடிய கண்ணின் இமை உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொள்வது அம்மாவுக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, பள்ளியில் கண்ணாடி போடுகிறாயா என்று மெதுவாகக் கேட்டாள்.

"பையிலதான் இருக்கு."

"ஏன் கண்ணு?"

"அதான் பாஸாயிடுச்சே. பாஸானப்புறம் யாராவது படிப்பாங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். எழுத்துப் பலகையில் பார்வை இரண்டு வரி இறங்கியிருந்தது. சீக்கிரம் கவனித்ததால் பயமில்லை, தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டால் மீட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் வாலு தையல் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவும் குனிந்து உள்ளே நுழைந்து, அவளை ஒட்டி உட்கார்ந்தாள். ஒட்டு எதற்கு, கண்ணாடி எதற்கு என்று பொறுமையாகச் சொன்னாள்.

"நீ மட்டும் போட மாட்டேங்கிற" என்றாள் வாலு. "கண்ணாடி போட்டா வயசாயிட்ட மாதிரி இருக்கும்னு அப்பாகிட்ட சொன்னியே."

மறுநாள் மாலை இருவருமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அம்மாவுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று வாலுதான் முடிவு செய்தாள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்த அம்மா, முன்தினம் தைத்த கால்சட்டை ஓரம் கோணலாக ஓடியிருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய், பிரித்து மறுபடி தைத்தாள்.

"இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் ரெண்டு கண்ணு" என்று குறைப்பட்டுக்கொண்டார் அப்பா. நாலு கண் இருப்பவர்கள் இருவரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

ஒட்டு நேரத்தில் வாலு அம்மாவுக்கு அருகில் அமர்ந்து பொத்தான்களை நிறவாரியாகப் பிரிப்பாள், படம் வரைவாள். சில நாள் அழுவாள். அன்றைக்கெல்லாம் அம்மா தையலை நிறுத்திவிட்டு மடியில் போட்டுக்கொள்வாள். வாரங்கள் ஓடின. அடுத்த பரிசோதனையில் இறங்கிய இரண்டு வரியும் திரும்பியிருந்தன. இனியும் கண்ணாடி உண்டு, பரிசோதனையும் உண்டு என்று டாக்டரம்மா இந்த முறை வாலுவிடமே சொன்னார். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

திரும்பும் வழியில் பேருந்தின் ஜன்னலோரம் அவளுக்கு. கண்ணாடிக்குள் விரலை விட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரில் வந்த கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். மருந்துக் கடை, பூட்டுக் கடை, மூல நோய் வைத்தியர். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.